காட்சி எல்லை தரவின் எல்லை அன்று

கடந்த வாரம் ஒரு பயிலரங்கில், முனைவர் பட்ட மாணவி ஒருவர் தம் ஆய்வுமுறை இயலில் எழுதியிருந்த ஒரு வரியை நீக்கும்படி அறிவுறுத்தப்பட்டார். அந்த வரி இதுதான்: 'இவ்வியலின் படங்கள் அனைத்திலும் காட்சி எல்லை மிடி சுர எண் 48 முதல் 84 வரை; கோப்புகளில் இவ்வெல்லைக்கு வெளியே சுரங்கள் எவையும் இல்லை.' அறிவுறுத்திய பேராசிரியர் சொன்ன காரணம்: 'மென்பொருளைத் திறந்ததும் எல்லோரும் செய்கிற வேலை இது. திரையின் வெளிச்சத்தை எவ்வளவு வைத்தீர்கள் என்றும் எழுதுவீர்களோ?' அரங்கு சிரித்தது. மாணவி அந்த வரியின் மேல் கோடு இழுத்தார்.

என்னால் சிரிக்க இயலவில்லை. அந்த இயல் முழுவதிலும் அதுபோல் நேர்மையான வரி வேறொன்று இருந்திருக்குமா என்று ஐயுறுகிறேன். அவ்வரியை நீக்கச் சொன்ன மனப்பான்மைதான் கணினிவழி இசையாய்வில் நாம் செய்யும் பிழைகளுள் ஒரு பெரும்பகுதிக்கு வேர் என்பது என் கருத்து. பேராசிரியர்மேல் எனக்குப் பகையில்லை. அவர் சொன்னது தவறு. அது ஏன் தவறு என்பதைப் பொதுவில் எழுதுவது கடமை என்று நினைக்கிறேன்.

இத்துறைக்கு வெளியே உள்ள நண்பர்களுக்காகச் சிறு விளக்கம். மிடி என்பது ஒலிப்பதிவு அன்று. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு விசையுடன் தொடங்கி எப்போது முடிகிறது என்னும் கட்டளைகளின் தொகுப்பு. 1983இல் வெளியான அந்தத் தரப்பாட்டில் சுரங்களுக்கு 0 முதல் 127 வரை 128 எண்கள் உண்டு. பியானோவின் 88 கட்டைகள் 21 முதல் 108 வரையிலான எண்களில் அடங்கும். தொகுப்பு மென்பொருளில் ஒரு மிடி தடத்தைத் திறந்தால் சுரங்கள் கிடைக்கோட்டுப் பட்டைகளாகத் தெரியும். மேலே உயர்ந்த சுரம், கீழே தாழ்ந்த சுரம். 128 வரிசைகளையும் ஒருசேரக் காட்டினால் ஒவ்வொரு பட்டையும் மயிரிழையாகச் சுருங்கிவிடும். ஆகவே தேவையான எல்லையை மட்டும் விரித்துக் காட்டும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. ஆர்டோரில் தடத்தின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். நடுவைப் பிடித்து இழுத்தால் எல்லை மேலும் கீழும் நகரும், நுனியைப் பிடித்து இழுத்தால் விரியும், சுருங்கும். முழு எல்லையையும் காட்டு, உள்ளடக்கத்துக்குப் பொருத்து என இரண்டு கட்டளைகளும் உண்டு. இவற்றில் குற்றமில்லை. இவையின்றி வேலை நடவாது.

சிக்கல் மென்பொருளில் இல்லை. அக்காட்சியை நாம் நம்புகிற விதத்தில் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. இக்காட்சிக்குப் பியானோ ரோல் என்று பெயர். தானியங்கிப் பியானோக்களில் பொருத்திய துளையிட்ட காகிதச் சுருளிலிருந்து வந்த பெயர் அது. முதலில் 65 சுரங்களுக்கான சுருள்கள் பரவலாக இருந்தன. 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கூடிய உற்பத்தியாளர்கள் 88 சுரச் சுருளுக்கும் பொது அளவு வகுத்தனர். 65 சுரச் சுருளில் ஓர் இசையைப் பதிக்க வேண்டுமானால், அவ்வெல்லையைத் தாண்டிய சுரங்களை விட வேண்டும், அல்லது வேறு ஸ்தாயிக்கு மாற்ற வேண்டும். இழப்புதான், ஆயினும் அது வெளிப்படையான இழப்பு. காகிதத்தில் துளை இல்லையேல் ஒலியும் இல்லை. கண் கண்டதும் காது கேட்டதும் ஒன்றாகவே இருந்தன. கணினித் திரை அந்தக் காகிதத்தின் தோற்றத்தை எடுத்துக்கொண்டது. கண்ணுக்கும் காதுக்கும் இருந்த அந்த உடன்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் பட்டை இல்லாத இடத்திலும் ஒலி இருக்கலாம். நாமோ இன்னும் காகிதத்தைப் பார்ப்பதுபோலவே பார்க்கிறோம்.

'காட்சியை மாற்றினால் தரவு மாறாதே' என்பது வழக்கமான பதில். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில், சாவேரி ராகக் கீர்த்தனை ஒன்றைப் பாடகர் ஒருவரின் பதிவைக் கேட்டுக் கேட்டு விசைப்பலகையில் வாசித்து மிடியாகப் பதிந்துகொண்டிருந்தேன். அவருடைய ஷட்ஜம் சுர எண் 61இல் நின்றது. பல்லவியை முடித்ததும் காட்சியை உள்ளடக்கத்துக்குப் பொருத்தினேன். பல்லவியின் மிகத் தாழ்ந்த சுரம் மந்தர நிஷாதம், அதாவது 60. திரையின் கீழ் விளிம்பு அங்கே நின்றுவிட்டது. அனுபல்லவியில் பாட்டு மேலே ஏறியபோது மேல் விளிம்பை உயர்த்தினேன். தார ஸ்தாயி தெரிய வேண்டுமல்லவா? சரணத்தில் பாட்டு மந்தர தைவதத்தைத் தொட்டுத் திரும்பும் இடங்கள் பதினொன்று. அவற்றை வாசித்தேன், ஒலித்தன, காது நிறைவடைந்தது. 57ஆம் எண்ணில் அமைந்த அந்தப் பதினொரு பட்டைகளும் விளிம்புக்குக் கீழே இருந்தன என்பதைக் கண் கவனிக்கவில்லை.

பிற கோப்புகளோடு ஒப்பிடுவதற்காக எல்லாவற்றையும் ஷட்ஜம் 60க்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. சுட்டியால் திரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை கட்டமிழுத்து, தெரிந்த சுரங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, ஓர் அரைச்சுரம் கீழே இறக்கினேன். தெரிந்தவை இறங்கின. தெரியாத பதினொன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. இறங்கிய மந்தர நிஷாதங்கள் விளிம்புக்குக் கீழே மறைந்ததாவது என்னை எச்சரித்திருக்க வேண்டும். எச்சரிக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஷட்ஜம் 61ஆக இருந்தபோது 57 என்பது அதற்கு நான்கு அரைச்சுரம் கீழே: சுத்த தைவதம். ஷட்ஜம் 60ஆன பின் அதே 57 மூன்று அரைச்சுரம் கீழே: சதுச்ருதி தைவதம். சாவேரி பதினைந்தாவது மேளமாகிய மாயாமாளவகௌளையின் ஜன்யம். அதற்குரியது சுத்த தைவதம். என் நிரலோ மத்திய ஸ்தாயியில் சுத்த தைவதமும் மந்தர ஸ்தாயியில் சதுச்ருதி தைவதமும் ஒலிப்பதாக எண்ணித் தந்தது. நான் துள்ளிக் குதித்தேன். 'சாவேரியின் தைவதம் ஸ்தாயிக்கேற்ப மாறுகிறது' என்று தலைப்பிட்டு ஒரு கருத்தரங்கில் படித்தேன். கைதட்டல் கிடைத்தது. வழக்கொழிந்த பழைய மரபு ஒன்றின் எச்சமாக இது இருக்கலாம் என்று ஓர் அறிஞர் வழிமொழிந்தார்.

பின்வரிசையில் ஹைதராபாத்தைச் சேர்ந்த மூத்த வீணைக் கலைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். 'பாபு, வீணையில் அந்தத் தைவதம் அப்படிப் பேசாது' என்று தெலுங்கில் சொன்னார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? 'அம்மா, தரவு அப்படித்தான் சொல்கிறது' என்றேன். ஐம்பது ஆண்டுக் கால விரல் பயிற்சிக்கு முன்னால், நானே பாதி மறைத்துவைத்திருந்த ஒரு கோப்பைச் சான்றாக நிறுத்தினேன். அன்றிரவு விடுதி அறையில் முழு எல்லையையும் காட்டச் சொல்லித் திரையை விரித்தபோது, பதினொரு பட்டைகளும் கூட்டத்தைவிட்டு விலகி வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

திருத்தம் எழுதி அனுப்பினேன். ஆயினும் ஆய்வுச்சுருக்கம் முன்பே அச்சாகியிருந்தது. அடுத்த ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்து இளைஞர் ஒருவர் அதை மேற்கோளாக்கி, தம் ஆய்வேட்டில் இரண்டு பத்திகள் கட்டியெழுப்பியிருப்பதைக் கண்டேன். அவருக்கும் எழுதினேன். ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. இல்லாத ஒரு தைவதம் இப்போது நூலகத்தில் இருக்கிறது. அதைப் பெற்றவன் நான்.

ஆகவே 'காட்சி தரவை மாற்றாது' என்று இனி எவரேனும் சொன்னால் என்னால் ஏற்க இயலாது. பார்ப்பதோடு நிற்பவருக்கு அது உண்மை. தொகுப்பவருக்கு உண்மையன்று. தொகுப்பவர் கண்ணால் தேர்ந்தெடுக்கிறார். கண்ணுக்கு எட்டாததைத் தேர்ந்தெடுக்க அவரால் இயலாது. தேர்ந்தெடுக்காதது திருத்தப்படாது. திருத்தப்பட்டதும் திருத்தப்படாததும் கலந்த கோப்பே நிரலின் கைக்குப் போகிறது. நிரலுக்குக் காட்சி எல்லை தெரியாது. அது எல்லாவற்றையும் எண்ணும். நாம் ஒன்றைப் பார்க்கிறோம், நிரல் வேறொன்றை எண்ணுகிறது, கட்டுரையில் இரண்டையும் ஒன்றென எழுதுகிறோம்.

இதே பிழை எதிர்த்திசையிலும் நிகழும். மெய்யான இசைக்கருவிகளின் ஒலிமாதிரித் தொகுப்புகள் பலவற்றில், கருவியின் எல்லைக்கு வெளியே உள்ள சில சுர எண்கள் ஒலியெழுப்புவதற்குப் பயன்படுவதில்லை. வில்லால் இழுக்கவா, விரலால் மீட்டவா என்பது போன்ற கட்டளைகளாகப் பயன்படுகின்றன. திரையை ஒழுங்காக வைத்திருக்க விரும்புபவர் அவற்றை எல்லைக்கு வெளியே தள்ளிவிடுவார், அது முறையே. பின்னர் அக்கோப்பை ஒரு மாணவர் தம் தரவுத் தொகுதியில் சேர்த்து, 'இவ்விசையமைப்பாளர் மிகத் தாழ்ந்த சுரங்களை அடிக்கடி கையாள்கிறார்' என்று முடிவு கட்டுவார். எவர் காதிலும் விழாத சுரங்கள் அட்டவணையில் ஏறும்.

மடித்த காட்சி இன்னும் நுட்பமான பொய்யைச் சொல்லும். ஏபிள்டன் லைவில் உள்ள ஃபோல்டு பொத்தானை அழுத்தினால் சுரம் இல்லாத வரிசைகள் மறைந்துவிடும். தாளக்கருவித் தடங்களுக்கு அது பெருவசதி. அதை ராகத்துக்குப் பயன்படுத்திப் பாருங்கள். மோகனத்தின் சுரங்கள் ஷட்ஜம் 60ஆனால் 60, 62, 64, 67, 69. காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே மூன்று அரைச்சுர இடைவெளி. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே இரண்டு. மடித்த காட்சியில் ஐந்து வரிசைகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். எல்லா இடைவெளிகளும் சமமாகத் தெரியும். மத்தியமமும் நிஷாதமும் இல்லை என்பதுதான் மோகனத்தின் முகம். அவை இல்லாத இடமே படத்தில் இல்லாமற் போகிறது. இத்தகைய படங்களை வைத்து 'படிப்படியாக நகரும் மெல்லிசை' என்று எழுதிய பக்கங்களை நான் வாசித்திருக்கிறேன். மெல்லிசை தாவிற்று; படம்தான் படிப்படியாக நகர்ந்தது.

கமகத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். மிடியில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் கட்டளைக்கு 16,384 படிநிலைகள் உண்டு, நடுப்புள்ளி 8,192. அது ஒரு சுரத்துக்கென்று தனியாக இல்லாமல், அந்த அலைத்தடம் முழுவதற்கும் பொதுவானது. பெரும்பாலான கருவிகளில் இயல்பான வளைவெல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். இவ்வளைவு பட்டையில் தெரியாது. கீழே வேறொரு கீற்றில் கோடாகத் தெரியும், அக்கீற்றைத் திறந்தால். ஆகவே எல்லைக்குள் நேராகக் கிடக்கும் ஒரு பட்டை எல்லைக்கு வெளியே ஒலிக்க முடியும். கீழ் விளிம்பில் நிற்கும் சுரத்தை இரண்டு அரைச்சுரம் கீழே வளைத்தால், அது ஒலிக்கும் இடம் திரையிலேயே இல்லை. வளைவெல்லை எவ்வளவு என்பதைக் கோப்பு குறிப்பிடாவிட்டால், வேறொரு கணினியில் அதே கோப்பு வேறு கமகத்தைப் பாடும்.

இந்த இடத்தில் தூய்மைவாத நண்பர்கள் மகிழ்ச்சியோடு குறுக்கிடுவார்கள் என்று அறிவேன். 'அதனால்தான் சொல்கிறோம், மிடி நம் இசைக்கு உதவாது. கட்டைகளால் ஆன வலையில் கமகம் சிக்காது.' இவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இந்த நாடு இப்படி ஒரு தடையை முன்பே பார்த்திருக்கிறது. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கியது. 1971 வரை அத்தடை நீடித்தது. சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று இதுவே: நிலைத்த சுரங்களுக்கிடையே உள்ள நுண்மைகள் அதில் வாரா. குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆயினும் ஹார்மோனியம் சாகவில்லை; கயாலுக்கும் தும்ரிக்கும் கவ்வாலிக்கும் துணையாக அது தொடர்ந்து ஒலித்தது. கருவியை விலக்குவது எளிது. கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று எழுதிவைப்பது கடினம். ஆய்வாளரின் வேலை இரண்டாவது. பார்சிலோனாவை மையமாகக் கொண்டு, ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட நிறுவனங்களோடு இயங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில், ஒலிப்பதிவிலிருந்தே தொடர்ச்சியான சுருதிக்கோட்டை எடுத்து, பாடகரின் ஆதார ஷட்ஜத்திலிருந்து சென்ட் அளவில் கணக்கிட்டார்கள். அங்கும் ஒலிப்பதிவை ஆராயும்போது எந்த அதிர்வெண் எல்லைக்குள் தேடுவது என்று ஆய்வாளர் ஒருவர் முடிவுசெய்தே ஆக வேண்டும். எல்லை இல்லாத கருவி இல்லை. எல்லையைச் சொல்கிற ஆய்வும் சொல்லாத ஆய்வும் என்னும் வேறுபாடுதான் உண்டு.

'இது நுணுக்கம், இசையின் பெரிய வினாக்களுக்கு இதில் என்ன இருக்கிறது?' என்பது மூன்றாவது மறுப்பு. துருபத் ஆலாபனையைக் கேட்ட எவரும் இதைக் கேட்கமாட்டார். ருத்ர வீணையிலும் சுர்பகாரிலும் மந்தரத்திலும் அதற்குக் கீழும்தான் ராகத்தின் அடித்தளம் எழுப்பப்படுகிறது. எங்கள் இசையில் கீழ் எல்லை என்பது திரையின் ஓரம் அன்று. அது இசை தொடங்கும் இடம். மேடைக் கைதட்டல் தாரத்துக்குக் கிடைக்கிறது. நான் மேல் விளிம்பை மட்டும் உயர்த்தியது தற்செயல் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

புள்ளியியல் துறையில் செங்குத்து அச்சை வெட்டி வரைந்துவிட்டு, வெட்டியதைக் குறிக்காமல் விட்டால், முதலாண்டு மாணவரே கேள்வி கேட்பார். மிடி படத்தில் காட்சி எல்லை என்பது அந்த அச்சுதான். அங்கே குற்றம் என்பதை இங்கே திரை வெளிச்சத்தோடு ஒப்பிட்டுச் சிரிக்கிறோம். வெளிச்சத்தைக் குறைத்தால் சுரம் மங்கலாகும். எல்லையைக் குறைத்தால் சுரம் இல்லாமற் போகும். இந்த வேறுபாடு பேராசிரியருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. அவரும் அவருடைய ஆசிரியரும் கோப்பைத் திறந்து பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் இட்டுப் பழகியவர்கள். பழக்கம் கேள்வியைக் கேலியாக்கிவிடுகிறது.

குறைகூறிவிட்டு ஒதுங்குவது முறையாகாது. ஆகவே என் முன்மொழிவுகள்:

1. காட்சி எல்லையைச் சுர எண்ணால் குறிப்பிடுக. சுரப் பெயரால் வேண்டா. நடு சி எனப்படும் 60, யமஹா வழக்கில் சி3. வேறு பல மென்பொருள்களில் சி4. 'சி3 முதல் சி5 வரை' என்று எழுதினால் ஒரு முழு ஸ்தாயி எங்கோ தொலைகிறது.

2. எந்தத் திருத்தத்துக்கும் முன் முழு எல்லையையும் விரித்துப் பார்க்க வேண்டும். சுருதி மாற்றுவதைச் சுட்டியால் கட்டமிழுத்துச் செய்யாமல், தடம் முழுவதற்குமான கட்டளையாலோ நிரலாலோ செய்ய வேண்டும்.

3. ஒவ்வொரு கோப்பின் மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த சுர எண்களை நிரலால் கண்டு, படத்தின் கீழே எழுத வேண்டும். இரண்டே எண்கள். காட்சி எல்லையோடு அவை ஒத்துப்போகாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

4. மடித்த காட்சியில் எடுத்த படமானால் அதைக் குறிப்பிட வேண்டும். வர்ஜ சுரங்கள் உள்ள ராகங்களுக்கு அக்காட்சியைத் தவிர்ப்பதே நன்று.

5. கமகத்தைப் பற்றிப் பேசும் படத்தில் வளைவுக் கீற்றையும் வளைவெல்லையையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

6. ஆய்வேட்டோடு மிடி கோப்புகளையும் ஒப்படைக்க வேண்டும். தேர்வாளர் ஒன்றையாவது திறந்து, முழு எல்லையையும் விரித்து, காதால் கேட்ட பின்பே கையெழுத்திட வேண்டும்.

இவற்றில் எதற்கும் நிதி வேண்டா, குழு வேண்டா, புதிய மென்பொருள் வேண்டா. முதல் ஐந்தும் சேர்ந்து ஒரு படத்துக்கு ஐந்து நிமிட வேலை. ஆறாவதற்குச் சற்றுக் கூச்சத்தை விட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மாணவிக்கு ஒரு சொல். நீங்கள் கோடு இழுத்த அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள். எவரேனும் மீண்டும் சிரித்தால் என் சாவேரியை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். என் பெயரோடு சொல்லலாம், எனக்கு வருத்தமில்லை. அந்த வீணைக் கலைஞரை நான் பின்னர் அவர் இல்லத்தில் சந்தித்து, என் பிழையை விளக்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. மடிக்கணினியைத் திருப்பிக் காட்டச் சொன்னார். தனியே நின்ற அந்தப் பதினொரு பட்டைகளையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு வீணையை எடுத்து அந்தச் சரணத்தை வாசித்தார். தைவதம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

மாற்றுக் கருத்துள்ளோர் எழுதுக. எழுதுமுன் உங்கள் கோப்பு ஒன்றைத் திறந்து முழு எல்லையையும் ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.